கடைவாய்க் கம்பு

கை கால் விழுந்தவர்களுக்குப் புறா ரத்தம் தடவினால் எழும்பும். எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. நானே நாலு வீட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள், புறாவுக்கு எங்கே போவது என்று கிணறு கிணறாக எட்டிப் பார்த்து அலைந்தார்கள். எங்களுக்கு அந்த அலைச்சலே இல்லை. எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வரிசையாகக் கட்டிய பானைகளில் முப்பதுக்குக் குறையாமல் குமுறிக்கொண்டு கிடந்தன. அத்தனையும் என் வீட்டுக்காரர் வளர்த்தது. அத்தனையையும் அவர் கண் முன்னால் அறுத்தது நான்.

சொல்லிவிட்டேன். நெஞ்சில் கிடந்து உறுத்தியதை முதலில் துப்பினால்தான் மற்றதைப் பேச முடிகிறது. இனி வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் மூக்கம்மாள். திருச்சுழிக்குத் தெற்கே, பஸ்ஸு நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மைல் கரிசலில் நடந்தால் எங்கள் ஊர். என் வாயைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, நான் பிழைத்தது மட்டுமில்லை, என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து நானே பேசிப் பிழைத்தேன். அவர் பெயரை நான் சொல்லக்கூடாது. இந்த வயதில் சொன்னால் என்ன வந்துவிடப் போகிறது? தனுஷ்கோடி. தெருவில் யாராவது அவரிடம், "என்ன, உழவு முடிஞ்சுதா?" என்று கேட்டால், "முந்தாநாளே முடிஞ்சுது" என்று பின்னாலிருந்து நான் சொல்லுவேன். அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். அவருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது என்று நான் நினைத்திருந்தேன்.

எங்களுக்கு ஒரே பெண், பேச்சி. ஏழு வயதில் வாந்திபேதி கண்டு ஒரே பகலில் போய்விட்டாள். காலையில் கஞ்சி குடித்த பிள்ளை, சாயங்காலம் இல்லை. நான் மாரில் அடித்துக்கொண்டு ஊரைக் கூட்டி அழுதேன். அவர் அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர், ஒரு வெள்ளாமைக்காலம் முழுக்க எழுந்திருக்கவில்லை. விதைக்கிற நேரத்தில் எல்லாருடைய காடும் உழுது கறுத்துக் கிடந்தது, எங்கள் காடு மட்டும் முள் மண்டிக் கிடந்தது. சோறு கொண்டுபோய் வைத்தால் எறும்புதான் தின்றது.

அவரை எழுப்பியது ஒரு புறாக்குஞ்சு. பேச்சி இருந்தபோது அவள் சித்தப்பன் மொக்கையன், அதாவது என் கொழுந்தன், ஒரு ஜோடிப் புறா கொண்டுவந்து கொடுத்திருந்தான். அவள் போன பிறகு அது குஞ்சு பொரித்தது. தாயைப் பூனை பிடித்துவிட்டது. குஞ்சு கத்துகிற கத்தல் தாங்காமல் இவர் எழுந்து, கம்பை மென்று கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, குஞ்சின் அலகைத் தன் வாய்க்குள் விட்டு ஊட்டினார். "ச்சீ, எச்சி!" என்று நான் கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் தானும் கஞ்சி குடித்தார். அதற்கடுத்த வாரம் ஏர் பூட்டினார்.

அந்தக் குஞ்சும், அதன் பிள்ளைகளும், பேரப்பிள்ளைகளுமாகத்தான் தாழ்வாரம் நிறைந்தது. எனக்கு அதுகளைக் கண்டாலே ஆகாது. எச்சம், நாற்றம், காய வைத்த தானியத்தில் கூட்டமாக இறங்கித் தின்பது என்று நூறு குற்றம் சொல்லுவேன். உண்மை அதில்லை. பிள்ளையை மறக்க நான் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனிதர் தினமும் விடிந்ததும் அவள் புறாக்களைக் கூப்பிட்டுக் கம்பு இறைப்பார். அதுகள் இறங்குகிற சத்தம் என் வயிற்றில் இறங்கும்.

யுத்தம் நடந்த காலம் அது. மண்ணெண்ணெய் கிடையாது, துணி கிடையாது, எதைக் கேட்டாலும் கிடையாது. மாசி மாதம், பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. வேலிக்கரையில் நின்று செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தவருக்கு, வலது கடைவாயில் தண்ணீர் வழிந்து வேட்டியெல்லாம் நனைந்தது.

"சின்னப்பிள்ளையா நீங்க? மேலெல்லாம் ஊத்திக்கிட்டு!" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். "ஆ... ப்... ப்..." என்று வந்தது. செம்பு கீழே விழுந்தது. அவரும் எடுத்துக் குவித்திருந்த பருத்தியின் மேலேயே சாய்ந்தார். நான் அப்போதும் திட்டிக்கொண்டுதான் ஓடினேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, யாரோ ஒருவர் முகம் மாதிரி இருந்தது.

வண்டி கட்டி ரோட்டுக்குக் கொண்டுபோய், கரி அடுப்பு மூட்டி ஓடுகிற யுத்தகாலத்து பஸ்ஸில் ஏற்றி, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தோம். கண்ணாடி போட்ட சின்ன வயது டாக்டர். வலது கையைத் தூக்கி விட்டார், கட்டைபோல விழுந்தது. காலும் அப்படியே. பேச்சு போய்விட்டது என்றார். அதற்குப் பிறகு என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"இதுக்கு முன்னால எப்பவாவது மனசு ஒடிஞ்சு படுத்திருக்காராம்மா?"

நான் பேச்சி செத்த கதையைச் சொன்னேன்.

"வீட்டில் வேற பிள்ளைங்க?"

"இல்லை."

"அவருக்குப் பேச்சுத் துணை யார்?"

"நான்தான் பேசுறேனே!" என்றேன். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கை விழுந்தவனுக்கு மருந்து கேட்டு வந்தால், பிள்ளை செத்த கதையையும் பேச்சுத்துணைக் கதையையும் கேட்கிறாரே, இவர் டாக்டரா, ஜோசியரா?

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "அம்மா, கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமா வரலாம். தேய்ச்சு விடுங்க, மடக்கி நீட்டி விடுங்க. ஆனா பேச்சு போனவங்களுக்கு மனசும் கூடவே போயிரும். முன்னால ஒரு தடவை ஒடிஞ்ச மனசுன்னா சீக்கிரம் போயிரும். சாப்பிட மாட்டாங்க, எதைக் கண்டாலும் பயப்படுவாங்க. அவருக்குப் பிரியமானதைப் பக்கத்தில வைங்க. எதைச் செய்தாலும் அவர்கிட்டக் கேட்டுச் செய்யுங்க."

"பேச்சே இல்லாதவுககிட்ட என்னத்தைக் கேக்க?"

"கேளுங்க. கேட்டுட்டு நீங்க பேசாம இருங்க. அவர் எப்படியாவது சொல்லுவார்."

வெளியே வந்ததும் மொக்கையனிடம், "இவரு மருந்தில்லாத டாக்டரு. வாயால வைத்தியம் பாக்காரு. அதுக்கு நான் போதாதா?" என்றேன். மொக்கையன் அந்தத் துக்கத்திலும் சிரித்தான்.

பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். காற்று வருமே என்று தாழ்வாரத்தில் கட்டில் போட்டோம். புறாப்பானைகளில் ஒன்று அவர் தலைமாட்டில், இடது கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியது. அதில் ஒரு கொண்டைப் புறா அடைகாத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கோணிய வாயில் ஒரு சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாளாகப் பார்க்காத சிரிப்பு. நானும் பார்த்தேன். பார்த்து என்ன?

பாளையம்பட்டிப் பக்கமிருந்து ராஜகுரு என்கிற நாட்டு வைத்தியரை மொக்கையன் வண்டி வைத்துக் கூட்டிவந்தான். கை பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்து பானை வரிசையையும் பார்த்தார்.

"மருந்தை வீட்டுலயே வச்சுக்கிட்டு என்னை எதுக்குத் தாயி கூப்பிட்டீக?" என்றார். "சூரியன் கிளம்பும்போது உசுரோட ஒரு புறா. கழுத்தைக் கீறி, சூட்டோட தோளிலிருந்து விரல் வரைக்கும் தேய்க்கணும். ஒரு மண்டலம். அவுக கையால தீனி தின்ன புறான்னா ரத்தம் இன்னும் வேகமாப் பிடிக்கும். கறியைச் சாறு வச்சுக் கொடுங்க."

பிறகு இரண்டு எச்சரிக்கை சொன்னார். "இந்த நோவுல காரணமில்லாம அழுவாக. அதை லட்சியம் பண்ணக்கூடாது. ரத்தம் நரம்புல ஏறும்போது காந்தும். நல்ல கையால தட்டி விடப் பாப்பாக. விடாமப் பிடிச்சுக்கிறணும்."

வைத்தியர் தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். ஊருக்கே தெரிந்தது. ஆனால் ஒன்று எனக்கு மட்டும் தெரிந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'ஒழிந்தது சனியன்' என்று என் மனதின் ஒரு ஓரத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இனி அந்தச் சத்தம் கேட்காது. வைத்தியத்தின் பெயரால் ஒழிகிறது, என் மேல் குற்றமில்லை என்று நினைத்தேன். கட்டிலில் கிடந்தவரை நான் கேட்கவில்லை. "புறா ரத்தம் தடவப் போறோம், சரியாப் போயிரும், என்ன? சரின்னு சொல்லுதீக, தெரியுது" என்று கேள்வியும் பதிலும் நானே பேசிவிட்டு விளக்கை ஏற்றப் போனேன்.

மறுநாள் காலையில் மொக்கையன் முதல் பானைக்குள் கையை விட்டு ஒரு சாம்பல் புறாவை எடுத்தான். தம்பி கம்பு இறைக்கப் போகிறான் என்று அவர் நினைத்திருப்பார்போல. கண் அந்தப் புறாவோடு கூடவே போனது. கத்தியைக் கண்டதும் "ஆப்... ஆப்..." என்றார். இடது கையால் மொக்கையனைத் தள்ளினார்.

"வைத்தியர் சொன்னாருல்ல? பிடி தம்பி!" என்றேன்.

மொக்கையன் பிடித்துக்கொண்டான். நான் கீறினேன். சூடான ரத்தத்தைத் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் வழித்துத் தேய்த்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் பொத்துக்கொண்டு கொட்டியது. காரணமில்லாத அழுகை, சொன்னது சரியாக இருக்கிறதே என்று எனக்கு வைத்தியர் மேல் மரியாதை கூடியது.

மத்தியானம் சாறு கொண்டுபோனேன். வாயருகில் கொண்டுபோனதும் வாடை தெரிந்து முகத்தைத் திருப்பினார். ஊற்றினேன், துப்பினார். "நோவு தீர வேண்டாமா? நான் யாருக்காகக் கிடந்து சாகுறேன்?" என்று கத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றினேன். இறங்கியது. பேச்சியின் புறாவை, பேச்சியின் அப்பன் தொண்டைக்குள் பேச்சியின் ஆத்தா ஊற்றினாள்.

இப்படியே நாள் போனது. தினம் காலையில் ஒன்று. ரத்த வாடைக்கு மற்றப் புறாக்கள் பறந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. சாயங்காலம் ஆனால் பானைக்கு வந்து அடைந்தன. வளர்ந்த இடம் ஆயிற்றே, எங்கே போகும்?

பதினெட்டாம் நாள் தலைமாட்டுப் பானைக்கு முறை வந்தது. அதற்குள் கொண்டைப் புறா ஒரு குஞ்சு பொரித்திருந்தது. முள்முள்ளாக மயிர் முளைத்த, கண் பெரிதாக, அவலட்சணமான குஞ்சு. "அது கடைசிக்குக் கிடக்கட்டும், குஞ்சு ரத்தம் முடிவுக்கு நல்லதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காரு" என்றான் மொக்கையன். தாயை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அண்ணன் இடது கையைப் பிடித்துக்கொண்டான். நான் கத்தியோடு குனிந்தேன்.

அப்போது அவருடைய வலது கை விரல்கள் அசைந்தன.

கண்ணால் கண்டேன். கட்டையாகக் கிடந்த கை. நடுவிரலும் மோதிர விரலும் மெல்ல எழும்பிக் கத்தியின் பக்கமாக நகர்ந்தன. ஒரு சாண் தூரம்கூட வரவில்லை, விழுந்துவிட்டன. நான் "ஐயோ சாமி!" என்று கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. "கை வந்துருச்சு! கை வந்துருச்சு!" என்று மொக்கையன் குதித்தான். பெண்டுகள் குலவை போட்டார்கள். நானும் போட்டேன். சூடு ஆறுவதற்குள் என்று கொண்டைப் புறாவை அறுத்துத் தேய்த்தேன். இத்தனை சத்தத்துக்கு நடுவே அவர் வாயைப் பிளந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். யாரோ ஒருத்தி, "ஆனந்தக் கண்ணீரு" என்றாள். அன்றைக்குப் பொங்கல் வைத்தோம்.

அதற்குப் பிறகு அவர் தேற வேண்டியதுதானே? தேயத் தொடங்கினார்.

சோறு இறங்கவில்லை. கம்பஞ்சோற்றைக் கரைத்துக் கொடுத்தால் வாயில் வாங்கிக்கொள்வார், விழுங்க மாட்டார். கன்னத்தில் அடக்கிக்கொண்டு, இவள் எப்போது போவாள் என்பதுபோல என்னையே பார்ப்பார். நீராகாரம் மட்டும் கொஞ்சம் இறங்கியது. விலா எலும்பு வரிவரியாகத் தெரிந்தது. நான் பக்கத்தில் போனாலே உடம்பு வெடவெடவென்று நடுங்கும். போர்வையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். பங்குனி வெயிலில் போர்வை எதற்கு என்று உருவப் போனால், ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் போடுவார். பயம் பிடித்துக்கொண்டது என்று மந்திரித்த கயிறு வாங்கிவந்து கட்டினேன். நெஞ்சுக்குள் கீச்கீச்சென்று வேறு சத்தம் கேட்டது. சளி கட்டியிருக்கிறது என்று வைத்தியர் ஒரு லேகியம் கொடுத்தார்.

"தொண்டையும் விழுந்துருச்சுன்னு நினைக்கேன் தாயி" என்று அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மண்டலம் முடியுற வரைக்கும் தாங்கினாருன்னா பிழைச்சுக்கிருவாரு."

தாங்கினால்! டாக்டர் சொன்னது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. சாப்பிட மாட்டாங்க, எதைக் கண்டாலும் பயப்படுவாங்க. வந்த ஞாபகத்தை, 'போய்யா, உன் வாய் முகூர்த்தம்தான் பலிச்சிருச்சு' என்று அந்த மனிதரையே திட்டி விரட்டினேன். அன்றிலிருந்து இன்னும் அதிகமாகப் பேசினேன். பேச்சை நிறுத்தினால் அவர் போய்விடுவார் என்று எனக்கு ஒரு நடுக்கம்.

முப்பதாம் நாள் பானைகள் காலி. வைத்தியரும் வந்திருந்தார். "குஞ்சு ஒண்ணு கிடந்துச்சே, எடுங்க" என்றார். மொக்கையன் தலைமாட்டுப் பானைக்குள் கையை விட்டான். வெறும் துரும்புதான் வந்தது.

"பூனை கொண்டுபோயிருச்சு போல, மதினி."

"நாசமாப் போற பூனை! சரி, கிணத்துப் புறா பிடிப்போம், கிளம்பு" என்றேன். அவருக்கு நாலு வாய் கம்பஞ்சோறு ஊட்டிவிட்டு, மூன்று பேரும் பெரிய கிணற்றுக்குப் போனோம். பாதி வழியில்தான் புறாவுக்கு இறைக்கத் தானியம் எடுக்கவில்லை என்பது தெரிந்தது. நான் மட்டும் திரும்பினேன்.

எப்போதும் தெருமுனையிலேயே என் சத்தம் வீட்டுக்குக் கேட்டுவிடும். அன்றைக்குத் தனியாக வந்தேன், பேச ஆள் இல்லை. அதனால் சத்தமில்லாமல் வாசலுக்குள் நுழைந்தேன்.

அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். போர்வை விலகியிருந்தது. செத்த வலது கையின் மடிப்புக்குள், இடுக்கில் ஒட்டினாற்போல, பாதி இறகு முளைத்த அந்தக் குஞ்சு உட்கார்ந்திருந்தது. இடது கை அதன் முதுகைத் தாங்கியிருந்தது. குஞ்சு தன் அலகை அவருடைய கோணிய கடைவாய்க்குள் விட்டு, சிறகடித்து, கீச்கீச்சென்று கத்தித் தின்றுகொண்டிருந்தது. நான் ஊட்டிய கம்பு. நாலு வாயும் அங்கே பத்திரமாக இருந்தது.

நெஞ்சில் கட்டிய சளி இதுதானா? போர்வைப் பயம் இதற்குத்தானா? காலையில் ரத்தம் தேய்க்கிறபோதெல்லாம் மறுபக்கப் போர்வைக்குள் தள்ளி ஒளித்திருப்பார். பன்னிரண்டு நாளாக இந்த மனிதர் தனக்கென்று ஒரு பருக்கை விழுங்கவில்லை. சாக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு, இந்த ஒன்றை என்னிடமிருந்து காப்பாற்றுகிற வரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

என்னை அறியாமல் ஒரு அடி எடுத்துவைத்துக் கையை நீட்டினேன். அவர் பார்த்துவிட்டார்.

அந்தக் கண்ணை நான் எப்படிச் சொல்லுவேன்! பூனையைப் பார்க்கிற கண் அது. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனிதர் என்னை அப்படிப் பார்த்தார். "ஆப்! ஆப்!" என்றார். அந்த வலது கை, கட்டை என்று எல்லாரும் கைவிட்ட கை, தோளோடு எழும்பியது. நடுங்கி நடுங்கி எழும்பி, எனக்கும் குஞ்சுக்கும் நடுவில் மறித்துக்கொண்டு நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினெட்டாம் நாள் விரல் அசைந்ததும் இதற்குத்தான். வேண்டாம் என்று சொல்ல அவரிடம் வாய் இல்லை, இடது கையைத் தம்பி பிடித்திருந்தான். மிச்சம் இருந்தது செத்த கை ஒன்றுதான். அதை எழுப்பி வேண்டாம் என்று சொன்னார். நான் குலவை போட்டேன். குலவை போட்டுக்கொண்டே அறுத்தேன்.

போன ஆளைக் காணோமே என்று மொக்கையனும் வைத்தியரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"அண்ணே கை! மதினி, அண்ணே கை எந்திரிச்சிருச்சு!"

"பாத்தீகளா தாயி, ரத்தம் வேலை செய்யுது!" என்றார் வைத்தியர். குஞ்சைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, குஞ்சும் இங்கதான் இருக்கு. மொக்கையா, எடு."

"தொட்ட கையை முறிச்சுப்போடுவேன்!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ரத்தமாம் ரத்தம்! அந்தக் கை ரத்தத்துக்கு எந்திரிக்கலை. இந்தக் கொலைகாரி கிட்ட வாராளேன்னு மறிக்க எந்திரிச்சிருக்கு. போங்க ரெண்டு பேரும். வெளியே போங்க!"

மொக்கையன் முதலில் விழித்தான். அண்ணன் வாயோரம் ஒட்டியிருந்த கம்பையும், குஞ்சின் அலகில் ஒட்டியிருந்த கம்பையும் மாறிமாறிப் பார்த்தான். பிறகு, அண்ணன் கையை முப்பது நாள் பிடித்திருந்த தன் கைகளைப் பார்த்தான். வைத்தியர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி வெளியே கூட்டிக்கொண்டு போனான்.

நான் கட்டிலுக்கு நாலு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன். கிட்டப் போனால் நடுங்குவார்.

"ஏங்க" என்றேன். "நான் இதைத் தொடமாட்டேன். இதை வச்சுக்கிறட்டுமா? வளக்கட்டுமா?"

வழக்கம்போலப் பதிலும் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கேட்டுட்டு நீங்க பேசாம இருங்க என்று அந்தச் சின்ன வயது டாக்டர் சொன்னாரே. பேசாமல் இருந்தேன். எழும்பி நின்ற கை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. ஆனால் இடது கை குஞ்சை விடவில்லை. நம்பவில்லை, அவ்வளவுதான். முப்பது நாள் கத்தியோடு வந்தவள் ஒரு பேச்சுப் பேசினால் யார் நம்புவார்கள்?

எழுந்துபோய் மிச்சமிருந்த கம்பஞ்சோற்றுச் சட்டியை எடுத்துவந்தேன். ஒரு கை அள்ளி அவர் இடது கைப்பக்கம் வைத்தேன். இன்னொரு கை அள்ளி என் வாயில் போட்டு மென்றேன். எந்த எச்சிலுக்கு ச்சீ என்று கத்தினேனோ, அதே எச்சில். கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, கட்டிலோரமாக முழங்காலிட்டு, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாயைத் திறந்து முகத்தை மட்டும் நீட்டினேன்.

குஞ்சு வரவில்லை. அவர் கைமடிப்புக்குள் இன்னும் ஒண்டியது. வாய் நிறையக் கம்பு. வா என்று கூப்பிட முடியவில்லை, அறுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியவில்லை, அழக்கூட முடியவில்லை. எச்சில் வழிந்து கழுத்தில் இறங்கியது. சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தும் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. முப்பத்தேழு வயதில் முதல் தடவையாக எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. இவர் நாற்பது நாளாக இப்படித்தான் கிடந்திருக்கிறார்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். என் வாயைப் பார்த்தார். பின்னால் கட்டிய கையைப் பார்த்தார். பிறகு அந்த வலது கை, முழங்கையிலிருந்து தடுமாறி அசைந்து, குஞ்சின் பின்புறத்தை லேசாக நெட்டியது. ஒரு தடவை. விழுந்தது. இன்னொரு தடவை.

குஞ்சு நகர்ந்து வந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தது. சட்டென்று அலகை என் கடைவாய்க்குள் விட்டது. வலித்தது. நான் அசையவில்லை.

அவருடைய இடது கை சோற்றைத் தேடித் தடவியது. ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். கன்னத்தில் அடக்கினார். நான் அவர் தொண்டையையே பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, குஞ்சு தின்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது தின்று முடித்துத் தலையை உதறியது. அவர் விழுங்கினார்.